ஜொகூர்த் தமிழர்: கணக்கும் வரலாறும்

மலாய் நாட்டின் தென்கோடியில், சிங்கப்பூருக்கு எதிர்க்கரையாய் அமைந்துள்ள ஜொகூர் மாநிலத்தில் தமிழர் எப்பொழுது குடியேறினர், எத்தனை பேர் வந்தனர், எத்தனை பேர் திரும்பினர், எத்தனை பேர் இம்மண்ணிலேயே மாண்டனர் என்று யாரேனும் நம்மைக் கேட்பாராயின், விடை கூறவல்லார் நம்மில் மிகச் சிலரே. சோழன் கடாரம் கொண்ட கதையை நம் பிள்ளைகள் மேடையேறி முழங்குகின்றனர். அஃது ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய செய்தி. தன் பாட்டன் எவ்வூரினின்று புறப்பட்டான், எத்துறைமுகத்தில் கப்பலேறினான், எத்தோட்டத்தில் முதன்முதல் கத்தி பிடித்தான் என்பனவோ நூறாண்டுக்குட்பட்ட செய்திகள். இவற்றைச் சொல்லத் தெரிந்த பிள்ளையைக் காண்பது அரிது. ஒரு கடைக்காரன் தன் பேரேட்டைத் தொலைத்துவிட்டு வியாபாரம் நடத்தினால் நாம் அவனைப் பார்த்து நகைப்போம். நம் சமூகம் அத்தகைய கடையையே நடத்தி வருகின்றது.

நாம் ஒரு தோட்டத்தில் கிராணியாக வேலை பார்த்து வருகிறோம். விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் குறிப்பதும், மாத முடிவில் செக்ரோலைக் கூட்டிச் சம்பளக் கணக்கை முடிப்பதும் நமது தொழில். ஆகவே, ஆட்களை எண்ணுவது என்பது இன்னதென்று நமக்குத் தெரியும். நம்மவர் வரலாற்றை நம்மால் இயன்ற அளவு படித்துப் பார்த்தபோது ஒன்று தெளிவாயிற்று. தமிழனை இந்நாட்டில் எண்ணியோர் பலர். கப்பலேறுமுன் எண்ணினர், கப்பலிலிருந்து இறக்கி எண்ணினர், தோட்டத்தில் நாள்தோறும் எண்ணினர், பத்தாண்டுக்கு ஒருமுறை சர்க்கார் குடிமதிப்பில் எண்ணினர். இத்தனை கணக்குகளில் ஒன்றையேனும் நாமாக எடுத்ததில்லை. பிறர் எடுத்த அக்கணக்குகளைக் கொண்டே நம் கதையை ஓரளவு கட்டிச் சொல்ல முயல்வோம்.

ஜொகூருக்குப் பிந்தி வந்த காரணம்

பினாங்குத் தீவு 1786இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. அதன் பின்னர் அத்தீவிலும், எதிர்க்கரையிலிருந்த கரும்புத் தோட்டங்களிலும் தமிழர் சென்று உழைத்தனர். ஒப்பந்தச் சீட்டில் கைந்நாட்டு வைத்து வந்த அவர்களைச் சஞ்சிக் கூலிகள் என்று அழைத்தனர். ஜொகூரின் நிலை வேறாக இருந்தது. அது தன் சொந்த அரசரின் கீழ் இருந்த இராச்சியம். 1862 முதல் 1895 வரை ஆண்ட அபூபக்கர் அவர்கள் காலத்தில் காடு திருத்தியோர் பெரும்பாலும் சீனர். ஒவ்வோர் ஆற்றங்கரைக்கும் ஒரு சீனத் தலைவனை அமர்த்தி, காம்பீரும் மிளகும் பயிரிட அவனுக்கு அனுமதிச் சீட்டு வழங்குவதே அக்கால முறை. காங்சூ முறை எனப்பட்ட இதில் தமிழனுக்கு இடமில்லை. இலங்கையிலிருந்து வந்த சில வெள்ளைக்காரர் காப்பி பயிரிட முயன்றனராயினும் அம்முயற்சி வேரூன்றவில்லை.

நிலைமையை மாற்றியவை இரண்டு: ரப்பரும் ரயிலும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி பெருகப் பெருக, ரப்பரின் விலை ஏறியது. கிம்மாஸ் முதல் ஜொகூர் பாரு வரையிலான ரயில்பாதை 1909இல் முடிவுற்றது. அப்பாதையின் இருமருங்கிலும் காடு வெட்டித் தோட்டம் போட்டனர். சிகாமட், லாபிஸ், குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என்று ரயில் நிலையங்களின் பெயர்களை வரிசையாகச் சொன்னால், அதுவே ஜொகூர்த் தமிழர் குடியேறிய வரலாற்றின் பொருளடக்கம் எனலாம். 1914இல் ஆங்கிலப் பொது ஆலோசகரின் அதிகாரம் உறுதிப்பட்டது. 1917இல் காங்சூ முறை ஒழிக்கப்பட்டது. 1924இல் சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் கடற்பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. ஆற்று வழியாக நடந்த ஜொகூர், ரயில் வழியாகவும் ரோடு வழியாகவும் நடக்கத் தொடங்கியது.

இங்கு நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சஞ்சிக்கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஜொகூரில் தமிழர் பெருகியதோ அதற்குப் பின்னரே. ஆதலால் ஜொகூர்த் தமிழரின் முன்னோரிற் பெரும்பாலோர் கங்காணியின் பின்னே வந்தவர்கள். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்படுத்தப்பட்டது. ஆளை வைத்து வேலை வாங்கும் முதலாளிமார் அந்நிதிக்கு வரி கட்டினர். அதிலிருந்து கப்பற்கட்டணம் கொடுக்கப்பட்டது. கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் ஊராரையும் திரட்டிக்கொண்டு வருவான். வேலைக்கு இறங்கும் தலை ஒவ்வொன்றுக்கும் அவனுக்குத் தலைக்காசு உண்டு. திருச்சி, தஞ்சை, சேலம், ஆற்காடு, மதுரை, இராமநாதபுரம் ஆகிய பகுதிகளிலிருந்து புறப்பட்டவர்கள் ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ உள்ள முகாமில் தங்கிக் கப்பலேறினர். 1926இல் கட்டப்பட்ட ரஜூலாக் கப்பலின் பெயரைக் கேட்டால் இன்றும் நம் முதியோர் முகம் மாறுவதைக் காணலாம். கரை சேர்ந்தபின் நோய்த்தடை முகாமில் சில நாள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். அதன் பிறகே ரயிலும் தோட்டமும்.

எண்கள் சொல்லும் கதை

இனிக் குடிமதிப்புக் கணக்குகளைப் பார்ப்போம். 1911இல் ஜொகூரின் மொத்த ஜனத்தொகை ஏறத்தாழ 1,80,000. அவருள் இந்தியர் 5,600 பேரளவில். அதாவது நூற்றுக்கு மூவர். 1921இல் மொத்தம் 2,82,000, இந்தியர் 24,000. பத்தாண்டில் நான்கு மடங்குக்கு மேல்! 1931இல் மொத்தம் 5,05,000, இந்தியர் 51,000. நூற்றுக்குப் பத்துப் பேர் என்னும் நிலை அப்போது ஏற்பட்டது. அடுத்த கணக்கு போருக்குப் பின் 1947இல் எடுக்கப்பட்டது. மொத்தம் 7,38,000 ஆகப் பெருகியிருக்க, இந்தியர் 55,000 பேரே இருந்தனர். நூற்றுக்குப் பத்து என்பது ஏழரையாகக் குறைந்தது. மலாயா முழுவதிலும், சிங்கப்பூர் உட்பட, 1931இல் இந்தியர் 6,20,000க்கு மேற்பட்டிருந்தனர். 1947இலோ ஏறத்தாழ 6,00,000. பதினாறு ஆண்டுகளில் எல்லா இனமும் பெருக, நம் இனம் மட்டும் தேய்ந்தது.

‘இந்தியர்’ என்ற தலைப்பில் தெலுங்கரும், மலையாளிகளும், பஞ்சாபியரும் அடங்குவர் என்பது உண்மையே. எனினும் மலாயாவில் அக்காலத்து இந்தியரில் ஐவரில் நால்வர் தமிழர். ஜொகூரிலும் தோட்டத்து ஆளிற் பெரும்பகுதி தமிழரே. மூவார் முதலிய ஆற்றோர நகரங்களில் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்தனர். துணி, மளிகை, புத்தகக் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் இருந்தனர். ரயில் பாதையிலும் ரோட்டு வேலையிலும் நம்மவர் கூட்டம் கூட்டமாக வேலை செய்தனர். ஜொகூர் பாருவில் இராஜமாரியம்மன் கோயில் 1911இல் எழுந்தது. ஐயாயிரத்துச் சொச்சம் பேராக இருந்தபொழுதே கோயில் கட்டக் கைகூடிய நமக்கு, நம் பெயர்களை எழுதி வைக்க ஓர் ஏடு வாங்கக் கை வரவில்லை என்பதை மட்டும் இங்குக் குறிப்பிட்டு அப்பாற் செல்வோம்.

மொத்தத் தொகையினும் முக்கியமானவை வேறு இரண்டு எண்கள். முதலாவது, பெண்களின் தொகை. மலாயா இந்தியரில் 1921ஆம் ஆண்டு ஆயிரம் ஆடவருக்கு நானூறு பெண்கள் அளவில்தான் இருந்தனர். 1947இல் அது அறுநூறைத் தாண்டிற்று. இரண்டாவது, இங்கேயே பிறந்தவர் தொகை. 1921இல் இந்தியரில் எட்டில் ஒருவரே உள்நாட்டிற் பிறந்தவர். 1931இல் ஐந்தில் ஒருவர். 1947இலோ ஏறத்தாழப் பாதிப்பேர். பெண் வந்தாள், குடும்பம் அமைந்தது, பிள்ளை பிறந்தது. சம்பாதித்துத் திரும்ப வந்த கூட்டம் இம்மண்ணின் குடியாக மாறியது இவ்வண்ணமே. அம்மாறுதலைச் சர்க்கார் உணரவில்லை, முதலாளிமாரும் உணரவில்லை, நாமுங்கூட நெடுங்காலம் உணரவில்லை. லயத்துச் சுவரில் ஊர்ப் படம் மாட்டி, ‘அடுத்த வருஷம் ஊருக்குப் போகலாம்’ என்று சொல்லிக்கொண்டே மூன்று தலைமுறை கழித்தோம்.

இன்னொரு செய்தியும் உண்டு. குடிமதிப்பில் நாம் எல்லோரும் ‘தமிழர்’ என்ற ஒரே கட்டத்தில் எழுதப்பட்டோம். லயத்திலோ அவ்வாறு வாழவில்லை. கங்காணி தன் சாதிக்காரரைத் தன்னருகே குடிவைத்தான். தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு வேறு லயம், வேறு குழாயடி. வெள்ளைக்காரன் கணக்கில் ஒன்றாயிருந்தவர்கள், கடல் கடந்தும் தம்முள் பல கணக்கு வைத்திருந்தனர். இவ்வெட்கத்தை மறைத்து வரலாறு எழுதப் புகுவோமானால் அது வரலாறாகாது.

தேய்வுக்குக் காரணம்

1931க்கும் 1947க்கும் இடையே நம் வளர்ச்சி நின்றதேன்? காரணங்கள் மூன்று. மூன்றும் நம்மைக் கேளாமல் நிகழ்ந்தவை.

முதற்காரணம் ரப்பர் விலை வீழ்ச்சி. 1930 முதல் 1932 வரையில், மலாயாவிலிருந்து ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளரைத் திருப்பிக் கப்பலேற்றினர். விலை ஏறியபோது வா என்றனர்; இறங்கியபோது போ என்றனர். இரண்டாவது, 1938இல் இந்திய சர்க்கார், உதவி பெற்றுக் குடியேறும் தொழிலாளர் போக்குவரத்தைத் தடை செய்தது. கூலியைக் குறைத்த முதலாளிமாரின் செயலே அத்தடைக்கு உடனடிக் காரணமாயிற்று. அத்துடன் கங்காணி யுகம் முடிந்தது. ஊரையும் தோட்டத்தையும் இணைத்திருந்த கயிறு அறுந்தது.

மூன்றாவது காரணத்தைச் சொல்ல நெஞ்சு பதைக்கிறது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்த பின், சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட முற்பட்டனர். 1942இல் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. அதற்கென மலாயாவிலிருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைக் கொண்டு சென்றனர். அவருட் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். காலராவும், மலேரியாவும், பட்டினியும், அடியும் அவர்களைப் பல்லாயிரக்கணக்கில் வாரிக்கொண்டன. அப்பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க் கைதிகளிலும் ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் பேர் மாண்டனர். காஞ்சனபுரியில் அப்படைவீரரிற் சற்றேறக்குறைய ஏழாயிரம் பேருக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. பெரும்பாலான கல்லில் பெயர் உண்டு, படைப்பிரிவு உண்டு, வயது உண்டு. படை தன் வீரர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வைத்திருந்தது. ஆகவே இறந்தவனைத் தேடிப் பெயர் பொறிக்க முடிந்தது. நம் பாட்டன்மாருக்கு அத்தகைய பட்டியல் இல்லை. ஆர். சண்முகம் எழுதிய ‘சயாம் மரண ரயில்’ போன்ற நாவல்கள் அத்துயரைக் காத்து வைத்தன. அண்மைக்காலத்தில் மலேசியத் தமிழர் சிலர் முயன்று காஞ்சனபுரியில் ஒரு நடுகல்லும் எழுப்பினர். அதில் எழுத வேண்டிய பெயர்களை எங்கே போய்க் கேட்பது?

கணக்கில்லாமை எத்தகைய கேட்டை விளைக்கும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

குடியுரிமையும் காகிதமும்

போர் முடிந்தது, துன்பம் முடியவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தது. ஜொகூர் அதில் மிகவும் அல்லற்பட்ட இடங்களுள் ஒன்று. காட்டோரத்திலிருந்த லயங்களைப் பெயர்த்து முள்வேலிக்குள் கொண்டுவந்து வைத்தனர். அரிசி அளந்து கொடுத்தனர். சங்கம் வைத்தவர் சிறை சென்றனர்.

1957 ஆகஸ்டு 31இல் மலாயா சுதந்தரம் அடைந்தது. அன்று முதல் இங்குப் பிறக்கும் பிள்ளை பிறப்பினாலேயே குடிமகன் என்று அரசியற் சட்டம் கூறிற்று. அதற்கு முன் இங்குப் பிறந்தவரோ மனுச் செய்து பதிவு பெற வேண்டியவராயினர். அவர்களுக்கு முதல் ஓராண்டுக்கு மலாய் மொழிப் பரீட்சை தள்ளி வைக்கப்பட்டது. அவ்வோராண்டை நம்மவரிற் பலர் வீணே கழியவிட்டனர். எழுத்தறியாமை ஒரு காரணம்; ஊருக்குத் திரும்பும் நினைவு ஒரு காரணம்; எடுத்துச் சொல்வோர் இல்லாமை பெருங்காரணம். 1962 அக்டோபரில் சட்டம் திருத்தப்பட்டு, பெற்றோரில் ஒருவரேனும் குடியுரிமையோ நிரந்தர வாசமோ பெற்றிருந்தாலன்றிப் பிறப்பு மட்டும் போதாது என்றாயிற்று. தந்தை பெறத் தவறிய காகிதம் மகனைப் பிடித்தது.

அதே காலத்தில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. வெள்ளைக்கார முதலாளிமார் விற்றுச் சென்ற தோட்டங்களை வாங்கியோர், கூறு போட்டு விற்றனர். நூறு குடும்பத்துக்கு வேலை தந்த நிலம் பத்துப் பேர் கையில் சிதறியது. துன் சம்பந்தன் அவர்கள் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளியிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் வாங்கி நூறு வெள்ளிப் பங்கு சேர்த்து, தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. தமிழன் தானாகச் சேர்த்த கணக்கு ஒன்று உண்டெனில் அது இதுவே. ஆதலால் அதனை நன்றியுடன் நினைக்கிறோம். பின்னர் 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதோர் பெர்மிட் இன்றி வேலை செய்ய முடியாதென்று ஆயிற்று. பல்லாயிரவர் பெட்டி கட்டிக்கொண்டு, தாம் கண்டிராத தாய்நாட்டுக்குக் கப்பலேறினர். சிவப்பு அடையாள அட்டையுடன் இங்கேயே தங்கியவரும் பலர்.

கிராணிமாரின் பங்கு

இதுவரை பிறரைக் குற்றங் கூறினோம். இனி நம்மையே கூண்டில் நிறுத்துவது முறையாகும்.

சில ஆண்டுகளுக்கு முன் நமது தோட்ட ஆபீஸ் புதுக் கட்டடத்துக்கு மாறியது. பழைய செக்ரோல்கள், பிள்ளைப்பேற்றுப்படி கொடுத்த புத்தகங்கள், லயத்துக் குடும்பப் பட்டிகள் எல்லாம் ஸ்டோரில் கறையான் அரித்துக் கிடந்தன. வேண்டாதவற்றை அழித்துவிடும்படி உத்தரவு வந்தது. பட்டியல் போட்டுக் கையெழுத்திட்டவர் நாமே. எரியூட்டுமுன் ஒரு செக்ரோலைப் புரட்டிப் பார்த்தோம். அழகிய ஆங்கிலக் கையெழுத்து. ஐந்து ராமசாமிகள், ராமசாமி ஒன்று, ராமசாமி இரண்டு என்று நம்பர் போட்டிருந்தது. தகப்பன் பெயரில்லை, ஊரில்லை. நமக்கு முன்னிருந்த கிராணியின் கையெழுத்தை மெச்சினோமேயன்றி, அந்த ஐந்து பேரையும் நினைத்தோமில்லை. புத்தகங்கள் ஒரு பிற்பகலில் சாம்பலாயின.

மூன்று மாதம் சென்றபின் ஒரு மூதாட்டி ஆபீசுக்கு வந்தார். கையில் சிவப்பு அட்டை. சுதந்தரத்துக்கு முன் இத்தோட்டத்து லயத்திற் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. குடியுரிமைக்கு மீண்டும் மனுச் செய்ய விரும்பினார். “நான் பொறந்தப்ப எங்கம்மாவுக்குப் பிள்ளப்பேத்துக் காசு குடுத்தாங்களாம். உங்க புஸ்தகத்துல பேரு இருக்கும்னு எங்கம்மா சொல்லும், கிராணி ஐயா” என்றார். நாம் வாய் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நம்மை ஏசவில்லை. “சரிங்க ஐயா” என்று சொல்லி அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அப்புத்தகம் இருந்திருந்தால் அவர் மனு நிச்சயம் வென்றிருக்கும் என்று நாம் கூறவில்லை. காட்டுவதற்கு ஒன்றிருந்திருக்கும், அதனை நம் கையெழுத்தே எரித்தது.

ஆங்கிலம் கற்ற நாம் அக்கல்வியைத் துரைக்குக் கணக்குக் காட்டுவதற்கே செலவிட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணி வேலைக்கும் ரயில்வே வேலைக்கும் வந்தவர்களைப் பாருங்கள். அவர்கள் எண்ணிக்கையிற் சிறியவர். ஆயினும் துரைராஜசிங்கம் என்பார், அச்சமூகத்தின் நூறாண்டு வரலாற்றையும் ஆட்களையும் தேடித் தொகுத்து 1960களின் முடிவில் நூலாக்கினார். தோட்டத் தமிழரைப் பற்றி ஆராய்ந்து எழுதிய கெர்னியல் சிங் சந்து அவர்களும், சின்னப்பா அரசரத்தினம் அவர்களும் நம் நன்றிக்குரிய பேராசிரியர்கள். அவர்கள் நூல்களில் கப்பலும் கூலியும் தொகையும் விளங்க உள்ளன. ராமசாமி ஒன்றும் ராமசாமி இரண்டும் யார் என்று எழுத வேண்டியவர்கள், அவர்களோடு ஒரே பெரட்டில் நின்ற நாமல்லவா?

இன்றைய நிலை

2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி ஜொகூரின் ஜனத்தொகை ஏறத்தாழ 40 லட்சம். குடிமக்களில் இந்தியர் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு. இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர். தொகையில் பெருகினோம், விகிதத்தில் குறைந்தோம். அவருட் பெரும்பாலோர் இன்று தோட்டத்தில் இல்லை. ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டனர். செம்பனையையும் வெட்டி வீடமைப்புத் தாமான்கள் கட்டினர். ஜொகூர் பாருவுக்கு அருகே மவுண்ட் ஆஸ்டின் என்றால் இன்று கடைத்தெருவும் அடுக்கு வீடுகளுமே நினைவுக்கு வரும். அது நம்மவர் பால் வாளி சுமந்த பெருந்தோட்டமாக இருந்தது என்பதை அங்கே தேநீர் அருந்தும் இளைஞன் அறியான். பாசிர் கூடாங்கின் துறைமுகமும் ஆலைகளும் 1970கள் முதல் எழுந்தன. லயத்துப் பிள்ளைகள் ஆலைக்குச் சென்றனர். பலர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்குச் சென்று, இருட்டியபின் திரும்புகின்றனர். பாட்டன் பெரட்டுக்கு எழுந்த அதே நேரத்தில் பேரன் எல்லைச் சாவடியில் நிற்கிறான்.

தோட்டம் போனால் பள்ளியும் போகும். சுதந்தரம் அடைந்த ஆண்டில் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று நாடு முழுவதிலும் 530 அளவிலும், ஜொகூரில் 70 அளவிலும் உள்ளன. தோட்டம் மூடப்பட்ட நாளில் ஆபீஸ் புத்தகமும், ஆஸ்பத்திரிப் புத்தகமும், பள்ளிக்கூட வருகைப் புத்தகமும் எங்கே சென்றன என்று கேட்டவர் எத்தனை பேர்?

நாம் இன்று எழுதும் செக்ரோலில் வங்காள தேசத்தாரும், இந்தோனேசியரும், நேபாளியரும் இருக்கின்றனர். அவர்களும் கடன் வாங்கிக் கடல் கடந்தவர்கள். ‘இரண்டு வருஷத்தில் ஊருக்குப் போய்விடுவேன்’ என்று சொல்லுகிறவர்கள். நம்மவரிற் சிலர் அவர்களை ஏளனமாக அழைப்பதைக் கேட்கும்பொழுது நமக்குக் கூச்சமாக இருக்கிறது. நம் பாட்டனை அழைத்த சொல்லும் இத்தகையதுதானே! அவர்கள் பெயரைப் பிழையின்றி, தகப்பன் பெயரோடும் ஊரோடும் எழுதுவது என்று நாம் ஒரு விரதம் கொண்டுள்ளோம். அது பெரிய காரியமன்று. ஆயினும் ராமசாமி ஒன்றுக்கும் இரண்டுக்கும் நாம் செலுத்தக்கூடிய கடன் இப்பொழுது இதுவே.

செய்ய வேண்டுவன

வரலாறு எழுதப் பண்டிதர் வரட்டும் என்று காத்திருத்தல் வேண்டாம். நாம் சொல்லுவன எளியவை. முதலாவது, எழுபது வயதுக்கு மேற்பட்டோர் வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்டு ஊர், கப்பல், முதல் தோட்டம், மாறிய தோட்டங்கள், சயாமுக்குப் போனவர், திரும்பாதவர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். போன் வைத்திருக்கும் பிள்ளை அவர் குரலையும் பிடித்து வைக்கலாம். இரண்டாவது, பழைய பாஸ்போர்ட்டு, கப்பல் சீட்டு, சம்பளச் சீட்டு, சங்க ரசீது, பள்ளிச் சான்றிதழ் எதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போடலாகாது. மூன்றாவது, பிறப்பையும் திருமணத்தையும் உரிய காலத்தில் பதிவு செய்தே தீர வேண்டும். தாலி கட்டி விருந்து வைத்துவிட்டுப் பதிவை மறந்த பெற்றோரால் பள்ளி வாயிலில் நின்று அழும் பிள்ளைகள் இன்றும் உளர். நான்காவது, தோட்டம் மூடப்படும் என்ற செய்தி வந்தவுடன், அங்குள்ள கிராணியும் ஆசிரியரும் கோயில் தலைவரும் கூடிப் பழைய புத்தகங்களைக் கேட்டு வாங்கி, தேசிய ஆவணக் காப்பகத்திடமோ ஒரு நூல்நிலையத்திடமோ ஒப்படைக்க முயல வேண்டும். கேட்டால் எல்லோரும் கொடுத்துவிடுவர் என்பதில்லை. கேளாவிட்டால் நெருப்பே கேட்டு வாங்கும்.

ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலை இரண்டு மூன்று வெள்ளி. இந்த ஞாயிற்றுக்கிழமை அதனை வாங்கி, முதற் பக்கத்தில் பாட்டன் பெயரையும் பாட்டி பெயரையும், அவர்கள் பிறந்த ஊரையும், வேலை செய்த தோட்டத்தையும் எழுதுங்கள். தெரியாத இடத்தை வெற்றிடமாக விட்டு, தெரிந்தவரைத் தேடிச் செல்லுங்கள். தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.